சோத்தாங்கை

8 ஜூலை 2024, திங்கள்

இன்று எங்கள் ஷூ ஃபேக்டரி சாம்பிள் செக்‌ஷனில் ஒரு கூத்து. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த டெக்னீஷியன் அம்மாள் என் மேஜைப் பக்கம் வந்து நின்றவள் நகரவே இல்லை. நான் ஷூவின் மேல்தோலைத் தைத்து முடித்து, தையலைத் தட்டிப் படியவைத்து, நூல் பிசிறை வெட்டிக்கொண்டிருந்தேன். வலது கையில் சின்னச் சுத்தியல், இடது கையில் கத்தரி. தட்டுவது ஒரு கை, வெட்டுவது ஒரு கை. கீழே வைத்து மாற்றி எடுக்கிற வேலை எனக்குக் கிடையாது. அந்த அம்மாள் மேனேஜரிடம் ஏதோ ஒரு நீள வார்த்தை சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

பக்கத்து மெஷின் தபஸ்ஸும் விடவில்லை. "இன்னா சொன்னாங்க? திட்டுனாங்களா?"

"தெரில. சிரிச்சிக்கினே சொன்னாங்க."

"சிரிச்சிக்கினே திட்றவங்க நம்ம செக்‌ஷன்லயே எத்தினி பேரு."

மேனேஜரைக் கேட்டு வார்த்தையை எழுதி வாங்கிக்கொண்டேன். ஆம்பிடெக்ஸ்ட்ரஸ். வாயில் நுழைய நேரம் பிடித்தது.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போகாமல் நேராகக் கீழ் வீட்டுக்குள் போனேன், அம்மாவிடம் சொல்லலாம் என்று. அம்மா அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஈஸ்டர் முடிந்த வாரம் அப்பாவுக்கு வாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சில் பாதி போயிற்று. கால் கொஞ்சம் திரும்பிவிட்டது, பிடித்துக்கொண்டு நடக்கிறார். கை திரும்பவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா அந்தச் செத்த கையைத் தூக்கி அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் வைத்துச் சிலுவை போட்டுவிடுவாள். அப்புறம் பிசைந்து பிசைந்து ஊட்டுவாள்.

இடது கை நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கையால் டிவி ரிமோட்டை அமுக்குகிறார், போர்வையை இழுத்துக்கொள்கிறார், கொசு அடிக்கிறார். சோற்றை மட்டும் தொடமாட்டார். பீச்சாங்கையாம். கால் கழுவுகிற கையால் சாப்பிடுகிறவன் மனுஷனா என்பது அவர் கட்சி. எனக்கு எரிச்சலாக வந்தது, சொல்லியும் விட்டேன்.

அம்மா சிரித்தாள். "உடு கிறிஸ்டி. இனிமே எங்கை தான் அவருக்கு சோத்தாங்கை."

வார்த்தையைப் பற்றிச் சொல்ல மறந்தே போனேன்.

9 ஜூலை, செவ்வாய்

சாப்பாட்டு இடைவேளையில் போனில் தேடிப் பார்த்தேன். இரண்டு கையையும் ஒரே மாதிரி பயன்படுத்துகிறவர் என்று அர்த்தம். அதோடு விட்டிருக்கலாம். எங்கிருந்து வந்த சொல் என்றும் பார்த்தேன். லத்தீனாம். முன்பாதிக்கு 'இரண்டும்', பின்பாதிக்கு 'வலது'. இரண்டு கையும் வலக்கையாக இருப்பவள். அதுதான் நான்.

கத்தரி பிடித்தது என் இடது கை. பாராட்டு வாங்கியதும் அது. ஆனால் பாராட்டு வந்தபோது அதன் பெயர் வலது கை என்று ஆகிவிட்டது. இதற்கு எதிர்ச்சொல்லும் இருக்கிறது. இரண்டும் இடக்கையாக இருப்பவன். அதற்கு அர்த்தம், எதையும் உருப்படியாகச் செய்யத் தெரியாத கையாலாகாதவன்.

நல்லா இருக்குடா உங்க நியாயம்.

14 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்து வந்து துணி துவைக்கும்போதும் இதே நினைப்பு. லத்தீன்காரனைச் சொல்லி என்ன? நம் பேச்சில் மட்டும் என்ன வாழ்கிறதாம். வலம் என்றால் வலிமை, வெற்றி என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். சோறு தின்னுகிற கை சோத்தாங்கை. இன்னொன்றின் பெயரைச் சொல்லவே கூசும். அகராதியில் 'இருகைப் பழக்கம் உடையவர்' என்று போட்டிருக்கிறது. பழக்கமாம். யார் பழக்கியது, எப்படிப் பழக்கியது என்று அகராதிக்குத் தெரியாது. சமஸ்கிருதத்தில் சவ்யசாசி என்று ஒன்று இருக்கிறது. இடக்கையாலும் அம்பு விடுகிறவன். இந்த ஒரு சொல்லாவது இடது கையை அதன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

எனக்கு ஆறு வயது இருக்கும். சாப்பிட உட்கார்ந்ததும் இடது கை தானாகத் தட்டுக்குப் போகும். அப்பா முதலில் தட்டிவிட்டார். அப்புறம் அடித்தார். அதுவும் பலிக்கவில்லை. ஒருநாள் தோல் பதனிடும் டேனரியில் வேலை முடிந்து வரும்போது ஒரு தோல் வார் கொண்டுவந்தார். ஷூவுக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற லைனிங் தோல், ஆட்டுத்தோல். அவ்வளவு மெத்தென்று இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் என் இடது மணிக்கட்டை முதுகுப் பக்கம் கொண்டுபோய் அந்த வாரால் இடுப்போடு கட்டிவிடுவார். "வலிக்காது பாரு, மெத்துன்னு இருக்கறதா பாத்து எடுத்தாந்தேன்" என்பார்.

வலிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை கோபம். வலித்திருந்தால் அழுதிருக்கலாம்.

அந்த வார் எத்தனை நாள் இருந்தது என்று ஞாபகமில்லை. வலது கை சாப்பிடக் கற்றுக்கொண்டது, எழுதக் கற்றுக்கொண்டது. இடது கை சும்மா இருக்கவில்லை. பெருக்குவது, வெட்டுவது, ஊசி கோர்ப்பது என்று யாரும் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்காத வேலைகளை எல்லாம் அது எடுத்துக்கொண்டது. அப்படி வந்ததுதான் அந்த ஜெர்மனி அம்மாள் கட்டை விரல் காட்டிய திறமை.

22 ஜூலை, திங்கள்

லீவு போட்டுவிட்டு அப்பாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். என் வீட்டுக்காரர் ராஜேஷ் லோடு வேனில் கொண்டுபோய் விட்டார். கைக்குப் பயிற்சி கொடுக்கிற எழிலரசி மேடம் நல்ல மாதிரி. ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"வலது கை முழுசா வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன் ஐயா. இடது கையில சாப்பிடப் பழகிக்கோங்க. அடுத்தவங்கள எதிர்பாக்காம இருக்கலாம்."

அப்பா வாயைக் கோணிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக இழுத்தார். "அந்தக் கையில... துன்னா... அது சோறா மேடம்?"

"கழுவினா எல்லாக் கையும் கை தான்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். டேனரியில் இரண்டு ஆள் தூக்குகிற ஈரத்தோலை ஒற்றை ஆளாகத் தூக்கிப் போட்டவர் என்று தெருவில் இன்னும் பேசுவார்கள். அப்படிப்பட்டவர் சோற்றுக்கு வாயைத் திறந்து காத்திருக்கிறார்.

இன்னொரு வழி கேட்டேன். வலது உள்ளங்கையில் ஸ்பூனைச் செருகிக் கட்டிவிடுகிற பட்டை இருக்கிறதாம். "ஆனா தோள் தூக்கணும். இவருக்கு இப்ப தூக்கல" என்றார் மேடம். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு இப்படி மூச்சு வாங்குதே, காட்டினீங்களா?" என்று கேட்டார். அம்மா, "படி ஏறினேன், அதான்" என்று சொல்லிவிட்டாள். அப்பாவைப் பிடித்துக்கொண்டு ஏறினால் யாருக்குத்தான் வாங்காது என்று நானும் விட்டுவிட்டேன்.

3 ஆகஸ்ட், சனி

பட்டை தைத்துவிட்டேன்! தோள் தூக்காது என்று மேடம் சொன்னார்தான், கட்டிப் பார்த்தால் தூக்கிவிடாதா என்று ஒரு நப்பாசை. இடைவேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக. கழிவுப் பெட்டியிலிருந்து மேனேஜரைக் கேட்டே எடுத்த துண்டுத் தோல், உள்ளே மெல்லிய ஸ்பாஞ்ச், ஸ்பூன் செருக ஒரு பை, மேலே ஒட்டிக்கொள்கிற பட்டி. ஓரமெல்லாம் மடித்துத் தைத்திருக்கிறேன், ஒரு இடத்திலும் உறுத்தாது. தபஸ்ஸும் கையில் மாட்டிப் பார்த்து, "எக்ஸ்போர்ட்டு குவாலிட்டி! உனக்கு இதெல்லாம் பாயே ஹாத் கா கேல்" என்றாள்.

அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். இடது கை விளையாட்டாம். ரொம்பச் சுலபமான வேலைக்கு உருதுவில் அப்படிச் சொல்வார்களாம். ஒரு மொழியிலாவது இடது கையை விளையாட விட்டிருக்கிறார்களே.

"அப்போ உங்க வீட்ல இடது கையில சாப்பிடலாமா?" என்றேன்.

"எங்கம்மா தோல உரிச்சிடும்" என்றாள்.

நாளைக்கு ஞாயிறு, கறிக்குழம்பு. அப்பா தன் கையாலேயே சாப்பிடுவார்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

பட்டையை எடுத்துக்கொண்டு போனேன். பேசிக்கொண்டே அப்பாவின் வலது கையில் கட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். இடது கை விரலால் அதைத் தடவினார். தோல் வேலை செய்தவர் விரல், ஏமாறுமா?

"அதே... தோலு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். லைனிங் தோல். ஆட்டுத்தோல். மெத்தென்று இருக்கிறதாகப் பார்த்து எடுத்து வந்திருக்கிறேன். அதைக் கொண்டுவந்து அப்பாவின் கையைக் கட்டியிருக்கிறேன்.

ஆனாலும் முயற்சி செய்தார், எனக்காகவோ என்னவோ. தோள் எழும்பவில்லை. ஸ்பூன் கவிழ்ந்து குழம்பு மடியெல்லாம் ஊற்றியது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, ஒரு பக்கக் கண்ணிலிருந்துதான் ஜாஸ்தி. அம்மா ஓடி வந்து துடைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"தேடிப் புடிச்சி இந்தத் தோல தான் எடுத்தாந்தியா? பழி வாங்க வேற நேரம் கெடைக்கலயா உனுக்கு?"

நான் வேணும்னு செய்யல. சத்தியமா செய்யல. இந்த ஊர்ல மெத்துன்னு வேற இன்னா கெடைக்கும்? நான் தைக்கிறது தோலு, எனக்குத் தெரிஞ்சது தோலு. அம்மாவே அப்படிக் கேட்டுட்டா— நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?

5 ஆகஸ்ட், திங்கள்

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. பட்டை அவர் தலையணைக்குக் கீழே இருக்கிறது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

அம்மா மாடிக்கு வந்தாள். ஏறி வந்து கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு அடங்கின பிறகுதான் பேசினாள். கத்தினதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே அத்தையைப் பற்றிச் சொன்னாள்.

அத்தை, அப்பாவின் தங்கை, கல்யாணம் ஆகாமலே போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. அத்தையும் என்னை மாதிரிதான். பெண் பார்க்க வந்தவர்களுக்கு இலை போட்டார்கள். அத்தை பதற்றத்தில் கரண்டியை இடது கையில் பிடித்துப் பரிமாறிவிட்டது.

"அந்தாளுங்க இலைய உட்டு எழுந்து போய்ட்டாங்க. சோறு அப்படியே கெடந்துச்சி. அதுலர்ந்து அது ஆளுங்க எதுருல ஒரு தட்டு கூட தூக்கல. உன்னிய பாத்தப்ப எல்லாம் உங்கப்பாவுக்கு அந்த இலைங்க தான் தெரிஞ்சிருக்கு."

கேட்டுக்கொண்டேன். பயத்தில் செய்தார் என்று தெரிகிறது. பயந்தவர்கள் கட்டுகிறார்கள். கட்டப்பட்டவளுக்கு அந்தப் பயம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அத்தையின் முகம் இன்று முழுக்கக் கண்ணுக்குள்ளேயே இருந்தது. போட்டோவில்கூட அத்தை இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்திருக்கும்.

8 செப்டம்பர், ஞாயிறு

மாதா பிறந்தநாள். அம்மா சேமியா பாயசம் வைத்தாள். அப்பாவுக்கு ஊட்டி முடித்து, அடியில் மிச்சமிருந்ததை விரலால் வழித்து, "வாயத் தொற" என்று என் வாயிலும் வைத்தாள். நாற்பது வயசுக்காரிக்கு! அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத்தான் பார்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு.

அடுத்த வாரம் அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

10 செப்டம்பர், செவ்வாய்

அம்மா போய்ட்டா.

12 செப்டம்பர், வியாழன்

எழுதினால்தான் நடந்தது என்று மனசுக்குப் படும் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். அப்பாவுக்கு ஊட்டிவிட்டுக் கை கழுவப் போனவள் குழாயடியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு சுகரா பேகம்தான் முதலில் பார்த்திருக்கிறார். ஃபேக்டரிக்குப் போன் வந்து நான் வருவதற்குள் முடிந்துவிட்டது. டாக்டர், இதயம் என்றார். ஆஸ்பத்திரி மேடம் கேட்டாரே, மூச்சு வாங்குதே என்று. கேட்டாரே.

அம்மாவின் வலது கையில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. நான்தான் கழுவினேன். என் இடது கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒவ்வொரு விரலாகக் கழுவினேன். ஊரில் எல்லோரும் பெட்டிக்கு நேரமாகிறது என்றார்கள். ஆகட்டும்.

அப்பாவை நாற்காலியோடு கல்லறைத் தோட்டம் வரை தூக்கிப் போனார்கள். மண் போடும்போது அவர் இடது கையை நீட்டினார், உடனே மடக்கிக்கொண்டார். அம்மாவுக்கு, அவருடைய சவுரியம்மாளுக்கு, அந்தக் கையால் மண் போட அவருக்கு மனசு வரவில்லை. ராஜேஷ் அவருக்காகப் போட்டார். நான் எந்தக் கையால் போட்டேன் என்று ஞாபகம் இல்லை.

14 செப்டம்பர், சனி

அப்பா சாப்பிடவில்லை. உறிஞ்சு குழாய் வைத்தால் பால் கொஞ்சம் குடிக்கிறார், அவ்வளவுதான். நான் பிசைந்து எடுத்துப் போனால் வாயை இறுக்கிக்கொள்கிறார். சுகரா பேகம் கஞ்சி அனுப்பினார், ராஜேஷ் ஸ்பூனால் கொடுத்துப் பார்த்தார். திருப்பிக்கொண்டார்.

அம்மா மாதிரி உருட்டத்தான் எனக்கு வராது. அதற்காகப் பட்டினியா கிடப்பார்கள்?

16 செப்டம்பர், திங்கள்

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். உடம்பில் தண்ணீர் வற்றுகிறதாம். இன்னும் ஓரிரு நாள் இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டும், இந்த வயதில் அதற்கப்புறம் எடுப்பது கஷ்டம் என்றார். அப்பா எதிரிலேயே சொன்னார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

டாக்டர் போன பிறகு உட்கார்ந்து கெஞ்சினேன். "எங்கையில வாங்கினா இன்னாப்பா? அம்மா கை மட்டும் தான் கையா?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "உங்கைய... நான்... கட்டினேன். அந்தக் கையில... எப்டி... வாங்குவேன்."

முப்பத்தி நாலு வருஷமாக இந்தப் பேச்சுக்குத்தான் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். வந்தபோது எனக்கு ஒன்றும் ஆறுதலாக இல்லை. பயமாக இருந்தது. வெட்கப்பட்டுச் சாகிற ஆளுக்கு எதைக் கொண்டுபோய் ஊட்டுவது?

17 செப்டம்பர், செவ்வாய்

இதைக் கோபத்தில்தான் செய்தேன். யோசித்துச் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம், நானும்.

மத்தியானம் ரசம் சோறு பிசைந்து எடுத்துப் போனேன். மறுபடியும் வாயை மூடிக்கொண்டார். எனக்கும் காலையிலிருந்து பசி. தட்டை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்கு எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

"சரி, நீ துன்னாத. நான் துன்றேன். பாரு, நீ கட்டி வெச்சியே, அதே கை. அதுல தான் துன்றேன். இன்னா ஆயிடுது பாக்கலாம்."

இடது கையைத் தட்டில் வைத்தேன். ஆறு வயசுக்கு அப்புறம் முதல் தடவை. ஒரு பிடி எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். வாய்க்குள் போகவில்லை. முகவாயில் இடித்து, பாதி மடியில் விழுந்தது, ரசம் முழங்கை வரை ஒழுகியது. இன்னொரு தடவை. விரல் சேரவில்லை. கத்தரி பிடிக்கிற கை, தலைமுடி கனம் நூலை வெட்டுகிற கை, ஒரு வாய்ச் சோற்றை எடுக்கத் தெரியாமல் முழிக்கிறது. அந்தக் கைக்கு எல்லாம் தெரியும், சோறு மட்டும் தெரியாது. அந்த ஜெர்மனி அம்மாள் இதைப் பார்த்திருந்தால் அந்த நீள வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருப்பாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகமெல்லாம் பருக்கையோடு அழுதேன்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். அப்பா சிரிக்கிறார் என்று தெரிய நேரமாயிற்று. பாதி வாயால் சிரித்தார். பாதி வாயால் அழவும் செய்தார்.

"கட்ட வெரலு..." என்றார். "கட்ட வெரல வெச்சி... தள்ளு. வாய்க்கு கிட்ட... போயி."

"எங்க தள்றது? வர மாட்டுது."

"தள்ளுன்றன்..."

"நீயே தள்ளிக் காமி அப்போ."

சொல்லிவிட்டேன். சொன்னது வெளியே வந்தபிறகுதான் எனக்கே உறைத்தது. தட்டைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், தன் இடது கையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். தண்ணீர் கொண்டுவந்து அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், எழிலரசி மேடம் சொன்னபடி. அப்புறம் அம்மா செய்கிற மாதிரி அவர் வலது கையைத் தூக்கி நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் வைத்துச் சிலுவை போட்டுவிட்டேன். அது கனமாக இருந்தது. அம்மா தினமும் மூன்று வேளை இதைத் தூக்கியிருக்கிறாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு இடது கையைச் சோற்றில் வைத்தார்.

அவருக்கும் வரவில்லை. எனக்கு வந்ததைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. கட்டை விரலால் தள்ளினார். தாடையில் பாதி, வாயில் பாதி. மென்றார். விழுங்கினார். தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதே தட்டிலிருந்து நானும் அந்தக் கையால் ஒரு பிடி எடுத்தேன். தட்டில் இருந்தது காலியாகிற வரை இரண்டு பேரும் மாறி மாறி எடுத்தோம். தரையெல்லாம் சோறு. அம்மா இருந்திருந்தால் இரண்டு பேரையும் விளக்குமாற்றால் சாத்தியிருப்பாள்.

அம்மா, நீ இருந்து பாத்துட்டுப் போயிருக்கலாம். ஒரு வாரம் முன்னாடி நான் கோவப்பட்டிருக்கக் கூடாதா.

18 செப்டம்பர், புதன்

மோர்ச் சோறு. கதவைச் சாத்திக்கொண்டுதான்.

29 செப்டம்பர், ஞாயிறு

வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். மத்தியானத்துக்குச் சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுப் போகிறேன், சுகரா பேகம் வந்து திறந்து வைத்துவிட்டு வெளியே நின்றுகொள்கிறார். அவர் எதிரில் அப்பா சாப்பிடமாட்டார். சட்டைக்கு மேல் கட்டிக்கொள்ள ஒரு துண்டு, கட்டிலைச் சுற்றிப் பழைய பாய். சாயங்காலம் வந்து பெருக்குகிறேன். சிந்துவது முன்னைக்கு இப்போது கம்மி.

எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. ஃபேக்டரியில் வலது கையில் சாப்பிடுகிறேன், வீட்டில் அப்பாவோடு இடது கையில். தபஸ்ஸுமிடம் சொன்னேன். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டேன். "சாப்ட்டியா இல்லியா? அது போதும்" என்றாள். அவள் சொன்னது சரி. சோறு தின்னுகிற கை சோத்தாங்கை. அந்தப் பெயரை வைத்தவர் வலது என்றும் சொல்லவில்லை, இடது என்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும்தான் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு பேசினாள். தன் கையையே இன்னொருவருக்கு அந்தப் பெயரில் கொடுத்துவைத்திருந்தாள்.

பட்டை இன்னும் அவர் தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

10 அக்டோபர், வியாழன்

அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை. முடிந்து வீட்டு வாசலில் பந்தல் போட்டு இலை போட்டோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு உள்ளே தனியாகக் கொடுத்துவிடலாம் என்று ராஜேஷிடம் சொல்லியிருந்தேன். அப்பா கேட்கவில்லை. "சவுரி... சாப்பாடு" என்று சொல்லிப் பந்தலிலேயே நாற்காலி போடச் சொன்னார். முன்னால் மேஜை வைத்து இலை போட்டேன். மற்ற இலைகளுக்குப் பிரியாணி வைக்கப் போய்விட்டேன்.

வாணியம்பாடிச் சித்தியின் குரல்தான் கேட்டது. அம்மாவின் தங்கை, தொண்டை பெரிசு.

"அய்யய்யோ, இன்னா மாமா இது! அக்கா முப்பதாம் நாளு அதுவுமா, பீச்சாங்கையிலயா துன்ற?"

பந்தலில் எல்லோரும் திரும்பினார்கள். அப்பாவின் கை இலையில் அப்படியே நின்றது. விரலில் சோறு. முகம் சுண்டிப்போயிற்று. அவ்வளவுதான், எடுத்துவிடுவார், இனி ஜன்மத்துக்கும் தொடமாட்டார் என்று நினைத்தேன்.

சித்தி என் பக்கம் திரும்பினாள். "ஏய் கிறிஸ்டி, நீ ஊட்டி உடக் கூடாதா? ரெண்டு கையும் வெச்சிக்கினு இன்னா பண்ற நீ?"

அப்பா அந்தப் பிடியை வாய்க்குக் கொண்டுபோனார். கட்டை விரலால் தள்ளினார். எல்லோரும் பார்க்க மென்றார், விழுங்கினார். அப்புறம்தான் பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரம் எடுத்துக்கொண்டார், பந்தலும் காத்திருந்தது.

"ஊட்ட... வேணாம். அவ ரெண்டு கையும்... அவளுக்கு வேணும்."

அப்பா மறுபடியும் இலைக்குக் குனிந்தார்.

பரிமாறிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன். வலது கையில் பிரியாணி வாளி, இடது கையில் கரண்டி. எத்தனை இலைக்கு இப்படி வைத்தேனோ தெரியவில்லை. கையை மாற்றிக்கொள்ள ஒரு நொடி நினைத்தேன். மாற்றவில்லை. அடுத்த இலைக்குப் போனேன், அதற்கடுத்த இலைக்கும்.

ஒருவரும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை.